டொல்லெஃப் ஏரியில் தெற்குக் காற்று

உலகத்திலேயே மிக அசிங்கமான பூங்கா எது என்று யாராவது போட்டி வைத்தால், எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், டொல்லெஃப் ஏரிப் பூங்கா போட்டிக்குப் போகாமலே பரிசை வாங்கிக்கொண்டு வந்துவிடும். நான் சும்மா சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் இந்தக் கவுண்டியின் மலத்தொட்டி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்னசோட்டாவின் இந்த மூலையில் நான் மூக்கை நுழைக்காத குழி கிடையாது. கண்ணைக் கட்டி என்னை ஒரு பண்ணை வாசலில் இறக்கிவிட்டால், அந்த வீட்டில் எத்தனை பேர், முந்தின நாள் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை சொல்லிவிடுவேன். இந்த வேலையால்தான் உன்னை யாரும் கட்டிக்கவில்லை என்று என் தங்கை லவோன் சொல்வாள். எனக்கு வருத்தம் இல்லை. மலத்தொட்டி மனிதனிடம் பொய் பேசாது. மனிதர்களைப் பற்றி, அதிலும் எங்கள் குடும்பத்து மனிதர்களைப் பற்றி, அப்படிச் சொல்ல முடியாது.

டொல்லெஃப் ஏரிக்கு வருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஜூலையில் அந்த ஏரியில் இருப்பது தண்ணீர் அல்ல, பட்டாணி சூப். பாசி அவ்வளவு கெட்டி. ஒரு நாய் அதன்மேல் முப்பது அடி நடந்து போன பிறகுதான் தான் ஏரியில் இருப்பதைக் கண்டுபிடித்தது. கரையோரம் செத்த கெண்டை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு, வெயில் காய வந்த உல்லாசப் பயணிகள் மாதிரி வரிசையாகக் கிடக்கும். அதையும் மீறி யாராவது இறங்கிக் குளித்தால், மறுநாள் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, இடது கையால் வலது பக்கமும் வலது கையால் இடது பக்கமும் ஒரு வாரம் சொறிந்துகொண்டிருப்பார்கள். வாத்துகளிடமிருந்து வருகிற பூச்சியாம். வாத்துகளுக்கு அது போதவில்லை. புல்வெளி முழுக்க எச்சம் போட்டு வைத்திருக்கும். புல் எது எச்சம் எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, செருப்புத்தான் கண்டுபிடிக்கும். இறைச்சி வாட்டுகிற கம்பிகளில் போன வருடத்துக் கொழுப்பும் அதில் ஒட்டிய யாரோ ஒருவரின் தலைமுடியும் நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிட்டன. கைக்குழாயை அடித்தால் துரு நிறத்தில் அழுகிய முட்டை வாசனையோடு தண்ணீர் வரும்.

எல்லாவற்றுக்கும் ராஜா அந்தக் குழிக் கழிப்பறை. சாப்பாட்டுக் கொட்டகைக்குத் தெற்கே, நாற்பது அடி தள்ளி, பழுப்பு நிறத்தில் நிற்கிறது. அதற்கு மேலே பறக்கும்போது பறவைகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் எங்கள் டோர்விக் குடும்பம் இருபத்திரண்டு வருடமாக, ஜூலை மூன்றாவது சனிக்கிழமை, நாற்பது தலைகளோடு கூடிக் குலாவி வந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். எங்களிடம் வேறு நல்ல பூங்காக்கள் இல்லாமல் இல்லை. எங்கள் வாயில்தான் ஒரு கோளாறு. எங்கள் ஊரில் ஒருவனிடம் காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பான். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பான். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அரை கப்" என்பான். அவன் காலையிலிருந்து காபிக்காகச் செத்துக்கொண்டிருப்பான். தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்வது, தேவாலயத்தில் சட்டையைக் கழற்றுவது மாதிரி. ஒன்று பிடிக்கவில்லை என்றால் அதற்கு எங்களிடம் ஒரே வார்த்தைதான் உண்டு: "வித்தியாசமா இருக்கு."

லவோனின் கணவன் ஹார்லன் இந்த வார்த்தையின் மன்னன். நாற்பத்தொரு வருடம் அவளோடு குடித்தனம் செய்தான். என்ன சமைக்கட்டும் என்றால் "எதுன்னாலும் சரி." எங்கே போகலாம் என்றால் "உன் இஷ்டம்." அவர்கள் தேனிலவுக்குப் போன விடுதி எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "வித்தியாசமா இருந்துச்சு" என்றான். நல்ல மனிதன், பாவம். ஆறு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். நெஞ்சு வலிக்கிறதா என்று லவோன் கேட்டதற்கு "பெரிசா ஒண்ணும் இல்ல" என்றானாம்.

போனதற்கு முந்தின வருடம் டிசம்பரில் லவோன் என் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேலன், ஒரு ஆள் என்னைக் கூப்பிட்டிருக்கார்."

"எங்கே?"

"ஹெரன் பெண்டுக்கு."

ஹெரன் பெண்ட் மாநிலப் பூங்கா. ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆளின் பெயர் வெண்டல் ஹவ்லிக். பொஹீமியக்காரர், அதாவது செக் வம்சம், மனைவியை இழந்தவர், அறுபத்தொன்பது வயது. மே முதல் செப்டம்பர் முடிய அந்தப் பூங்காவிலேயே தன் டிரெய்லர் வீட்டை நிறுத்திக்கொண்டு, முகாம் போட வருகிறவர்களுக்கு விறகு விற்று, கழிப்பறை கழுவி, ராத்திரி பத்து மணிக்குமேல் பாட்டுப் போடுகிறவர்களை அதட்டி அடக்குகிற வேலை. சம்பளம் கிடையாது, தங்க இடம் இலவசம். ஓய்வு பெற்றவர்கள் அந்த வேலைக்குப் போட்டி போடுகிறார்கள்.

"எப்படிப் பழக்கம்?"

லவோன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சின்ன வயதில் ஐஸ்கிரீம் திருடும்போது வருகிற அதே சிரிப்பு. "செப்டம்பர்ல நடக்கப் போயிருந்தேன். கொஞ்சம் தீ மூட்டிக் குளிர் காஞ்சிட்டு, தண்ணி ஊத்திட்டுக் கிளம்பினேன். பின்னாலேருந்து ஒரு குரல். 'அம்மா, தீயை அணைக்கிற லட்சணமா இது? காட்டையே கொளுத்திடுவீங்க போலிருக்கே'ன்னு."

"திட்டினானா?"

"ஆமாம்!" என்றாள், அவன் பூச்செண்டு கொடுத்ததைச் சொல்கிற மாதிரி. "நாற்பத்தொரு வருஷத்துல என்னை யாரும் திட்டினதே இல்ல, கேலன். அவர் மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்றார். வர்ற கோடைக்கு வந்து என்னோட இருந்துடு, கல்யாணம் வேணும்னா பண்ணிக்கலாம்னு கேட்டிருக்கார். ஜூலையில என் குடும்பத்தைப் பார்த்துட்டுப் போங்க, அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சிரிப்பு போய்விட்டது. "நம்ம குடும்பத்துல வந்து உட்கார்ந்து அவரும் ஊமையாயிட்டா? இன்னொரு ஹார்லன் என்னால முடியாது. மிச்சம் இருக்கிற காலத்தை 'உன் இஷ்டம்'னு கேட்டுக் கழிக்கறதுக்கு நான் தனியாவே இருந்துடுவேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதுவுமில்லாம, அவரை டொல்லெஃப் ஏரிக்கா கூட்டிட்டு வர்றது? ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கழிப்பறை கழுவுற மனுஷன்! நீதான் ஏதாவது செய்யணும். வர்ற வருஷம் வேற பூங்கா."

செய்வதாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு உறுத்தல். டொல்லெஃப் ஏரி விஷயத்தில் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு காரணம் எனக்கு இருந்தது. அது பிறகு.

பூங்காக் கொட்டகைகளை வருடத்தின் முதல் வேலை நாள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் பதிவு செய்ய வேண்டும். எட்டு பத்துக்கெல்லாம் நல்லவை போய்விடும். அதனால் அன்றைக்கு ஆறு மணிக்கே எங்கள் அண்ணன் ஆர்லின் வீட்டில் கூடிவிடுவோம். ஆர்லினுக்கு எழுபத்தொன்பது வயது, குடும்பத்தின் தலை. அவன் மனைவி ஆர்டிஸ் கிழங்கு ரொட்டியும் காபியும் வைப்பாள். அந்தக் காபியின் அடியில் கப்பின் பூ வேலைப்பாட்டைப் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு.

நான் தயாராகப் போயிருந்தேன். மூன்று கவுண்டிகளிலும் உள்ள பூங்காக்களுக்கு நான் மதிப்பெண் போட்டு வைத்திருக்கும் நோட்டை மேஜைமேல் விரித்தேன்.

"முதல்ல, ஐவர்சன் தோப்பு, கவுண்டி பூங்கா. நிழல் நல்ல நிழல். ஆனா பக்கத்துப் பண்ணையில நாலாயிரம் பன்னி. காத்து திரும்பினா கண்ணுல தண்ணி கொட்டும். போன தடவை என் கடிகாரமே நின்னுபோச்சு."

"அப்படியா" என்றான் ஆர்லின்.

"ரெண்டாவது, பிரிக்யார்டு, அதுவும் கவுண்டி பூங்கா. உண்ணி. ஆகஸ்ட்ல என் கால்சட்டையிலேர்ந்து பிடுங்கினதைக் கோத்திருந்தா கத்தோலிக்கர் ஒருத்தர் ஜெபமாலையா உருட்டியிருக்கலாம். மூணாவது..." இங்கே நான் ஒரு இடைவெளி விட்டேன். "ஹெரன் பெண்ட், மாநிலப் பூங்கா. கார் கண்ணாடியில வருஷ அனுமதி அட்டை ஒட்டணும், அவ்வளவுதான். மணல் கரை. ஓக் மரம். சுடுதண்ணிக் குளியல். இழுத்தா தண்ணி ஊத்துற கழிப்பறை, பதினாலு. ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும்."

மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. சத்தியமாக ஓடியது. ஆர்டிஸின் கண்கள் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டன. ஆர்லின் தொண்டையைச் செருமினான்.

"நாலாவது, நம்ம டொல்லெஃப் ஏரி" என்று முடித்தேன்.

மணி ஏழு ஐம்பத்தைந்து. ஆர்லின் தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். "சரி, எல்லாரும் சொல்லுங்க. எங்கே?"

"எனக்கு எங்கேன்னாலும் சரி" என்றாள் ஆர்டிஸ்.

"லவோன்?"

நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். லவோன் வாயைத் திறந்தாள். மூடினாள். கழுத்து சிவந்தது. ஹெரன் பெண்ட் என்ற சொல் அவள் தொண்டை வரை வந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

"உங்களுக்கு எது தோதோ அது" என்றாள்.

"கேலன்?"

இப்போது அவள் என் காலை மிதித்தாள். பனிக்கால பூட்ஸ் போட்டிருந்தாள். ஆனாலும் நானும் டோர்விக் ரத்தம்தானே? "எல்லாரும் எதைச் சொல்றீங்களோ அது" என்றேன்.

"அப்போ வழக்கம்போலதான்" என்று ஆர்லின் எண்ணைச் சுழற்றினான். "ஆர்டிஸுக்கும் அந்த இடம்னா உயிர்."

ஆர்டிஸ் புன்னகை செய்தாள். பல் பிடுங்க உட்கார்ந்தவளின் புன்னகை.

வாசலில் காரைக் கிளப்பும்போது லவோன் என்னைப் பார்க்கவே இல்லை. "நீ ஒரு கோழை" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானும்" என்றாள்.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை வந்தது. தொண்ணூற்றாறு டிகிரி வெயில். தெற்குக் காற்று.

தெற்குக் காற்று என்றால் என்ன என்பது டொல்லெஃப் ஏரிக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும். குழிக் கழிப்பறைக்கு மேலே புகைபோக்கி மாதிரி ஒரு குழாய் இருக்கிறது. காற்று அதைத் தழுவி, உள்ளே இருக்கிறதையெல்லாம் விசாரித்து அள்ளிக்கொண்டு, நாற்பது அடி வந்து, எங்கள் சாப்பாட்டு மேஜையில் எங்களோடு உட்காரும். அன்றைக்கு அது ஒரு வாசனையாக இல்லை. ஒரு உருவமாக இருந்தது. தோளைத் தட்டி நகர்ந்து உட்காரச் சொல்லிற்று. ஈக்கள் கேரட் துருவிப் போட்ட ஆர்டிஸின் பச்சை ஜெல்லியில் இறங்கி, கால் ஒட்டிக்கொண்டு, கடைசி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன. நாற்பது பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயால் மூச்சு விட்டால் வாசனை நாக்கில் படும், மூக்கால் விட்டால் மண்டையில் ஏறும். எது மேல் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெண்டல் ஹவ்லிக் ஒரு பெரிய தட்டு நிறையக் கசகசா வைத்த ரொட்டியோடு வந்தார். கட்டை குட்டையான மனிதர், கழுத்தே இல்லை. தலையில் ஹெரன் பெண்டின் பச்சைத் தொப்பி. காரிலிருந்து இறங்கி முதல் அடியை வாத்து எச்சத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். செருப்பைப் புல்லில் துடைத்தார். அந்தப் புல்லும் புல் இல்லை.

லவோன் அவரை எல்லோருக்கும் அறிமுகம் செய்தாள். உட்கார வைத்தாள். தட்டில் தன் ஹாட்டிஷைப் பரிமாறினாள்: அடியில் அரைத்த மாட்டிறைச்சி, நடுவில் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள். பிறகு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டிஸ்தான் ஆரம்பித்தாள். "எப்படி இருக்கு எங்க இடம்? இருபத்திரண்டு வருஷமா இங்கதான் வர்றோம்."

வெண்டல் ஏரியைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். கொட்டகையின் கூரையைப் பார்த்தார். அங்கே குருவிகள் கூடு கட்டி, கட்டியது போதாதென்று மேஜைக்கும் பூச்சு வேலை செய்திருந்தன. அவர் தாடை அசைந்தது.

"வித்தியாசமா இருக்குங்க" என்றார்.

லவோன் கையிலிருந்த முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த எதுவோ அணைந்துவிட்டது. ஹார்லனை அடக்கம் செய்த அன்றுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கைக்குட்டையை எடுத்து மடித்தாள். திரும்பவும் மடித்தாள். அவள் சொல்லப்போகிற பதில் என்ன என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் நான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த அயோக்கியத்தனத்தைச் செய்தேன். காபிச் செம்பைத் தூக்கிக்கொண்டு வெண்டலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காபி?"

"ஊத்துங்க" என்றார். முதல் தடவையே! பொஹீமியர்கள் என்ன அழகான மனிதர்கள்.

ஊற்றினேன். பூங்கா அலுவலகத்தைத் திட்டிப் பேச்சுக் கொடுத்தேன். ஊற்றினேன். விறகுப் பூச்சியைப் பற்றிக் கேட்டேன். ஊற்றினேன். ஆறாவது கப்பில் அவர் கால் ஆட ஆரம்பித்தது. எட்டாவதில் எழுந்தார்.

"இங்க கழிப்பறை..."

"அதோ" என்றேன். "பழுப்பு நிறம். காத்தைப் பிடிச்சுக்கிட்டே போனீங்கன்னா தப்பாது."

போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி. இருபது. உள்ளே ஏதோ இடிபட்டது. முப்பது. ஒரு குரல், பொஹீமிய மொழியில், ஒரே ஒரு நீளமான வார்த்தை. நாற்பதாவது விநாடியில் கதவு படாரென்று திறந்தது.

தலையில் தொப்பி இல்லை.

அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்து வாத்துகள் வழி விட்டன. நேராகக் கொட்டகைக்குள் வந்து, மேஜைத் தலைப்பில் நின்றார். முகம் பீட்ரூட் நிறம்.

"லவோன், மன்னிச்சுக்க" என்றார். "உன் குடும்பம், மரியாதையா இருக்கணும்னு காலையிலேர்ந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். இனிமே கடிச்சா நாக்கு மிஞ்சாது. நான் பட்டாளத்துல இருந்தவன். இருபது வருஷம் பன்னி வளத்தவன். இப்படி ஒரு அருவருப்பை என் ஜென்மத்துல பார்த்ததில்ல! சுவத்துல இருக்கிறது என்ன? பெயின்ட்டுன்னு கை வெச்சேன், அது நகருது! தொப்பி உள்ள விழுந்துடுச்சு. எடுக்கப் போகல. அது இனிமே உள்ள நெளியறவங்களோடது. நான் ஒரு நாளைக்குப் பதினாலு கழிப்பறையை ரெண்டு தடவை கழுவுறேன். மண்டி போட்டுக் கழுவுறேன். இதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து நீங்க ஜெல்லி சாப்பிடறீங்க! ஏங்க? யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தறாங்களா?"

நாற்பது பேர். ஒரு ஈ ஜெல்லியிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டது, அது கேட்டது.

அப்போது ஆர்லின், குடும்பத்தின் தலை, தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான். "எனக்கும் இந்த இடம் பிடிக்காது."

"என்னது?" என்றாள் ஆர்டிஸ்.

"பிடிக்காது, ஆர்டிஸ். ஆரம்பத்துலேர்ந்தே. உனக்கு உயிராச்சேன்னுதான்..."

"எனக்கா? எனக்கு உயிரா?" ஆர்டிஸ் கைப்பையைத் திறந்து ஒரு தைல டப்பாவை எடுத்து மேஜைமேல் அடித்து வைத்தாள். "இதைப் பாருங்க! வருஷத்துக்கு ஒரு டப்பா! காலையில மூக்குக்குள்ள தடவிக்கிட்டுத்தான் காரிலேயே ஏறுவேன். உங்களுக்குப் பிடிக்கும்னு இருபத்திரண்டு வருஷம் தைலத்தோட ஜெல்லி தின்னுருக்கேன்!"

"நீதானே முதல்ல சொன்னே, அழகா இருக்குன்னு?"

"ஜனவரியில சொன்னேன்! ஜனவரியில கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க! எல்லாம் வெள்ளைவெளேர்னு பனி. ஏரியும் பனி, எச்சமும் பனி, மீனும் பனி. அழகா இருக்குன்னு ஒரு மரியாதைக்குச் சொன்னேன்!"

அணை உடைந்துவிட்டது. மூன்று வருடம் தொடர்ந்து சொறிந்ததைப் பற்றி ஒருவர், மீன் குடலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை மாடிப்படி என்று பொய் சொன்னதாக ஒருவர், வருகிற வழியில் பெட்ரோல் நிலையத்திலேயே போய்விட்டு நாள் முழுக்க ஒரு சொட்டு குடிக்காமல் இருப்பதாகப் பதினேழு பேர். இருபத்திரண்டு வருடத்துச் சாக்கடை ஒரே நிமிஷத்தில் திறந்துகொண்டது. நான் பார்த்த தொட்டிகளிலேயே அதுதான் மிக அழகாகப் பொங்கியது.

அப்போது வெண்டல் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார்.

"அது சரி, கோடைக்காத்து தெற்கேயிருந்து வரும்னு பச்சைக் குழந்தைக்குத் தெரியும். சாப்பிடற இடத்துக்குத் தெற்கே குழி தோண்டலாம்னு கையெழுத்துப் போட்ட முட்டாள் யாரு?"

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கவுண்டியில் கழிப்பறைக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் அந்த நாளில் ஒருவன்தான்.

"ஜனவரி மாசம் போய்ப் பார்த்தேன்" என்றேன். "பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. காத்து வடமேற்கேயிருந்து அடிச்சுது. கொட்டகையிலேர்ந்து கழிப்பறைப் பக்கமாத்தான் அடிச்சுது. எல்லாம் உறைஞ்சு கிடந்துச்சு. மூக்கும் உறைஞ்சிருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"டேய்!" என்று ஆர்லின் எழுந்தே விட்டான். "இருபத்திரண்டு வருஷமா இதை ஏன்டா சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

ஆர்டிஸ் தைல டப்பாவை என்மேல் எறிந்தாள். குறி தப்பியது. வாத்துமேல் பட்டது.

இந்த அமளியில் லவோனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அவள் எழுந்து வெண்டலின் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றி அவரிடம் போனாள். அவர் தலை கவிழ்ந்து நின்றார். குடும்பத்தை நாறடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். தொப்பி இல்லாத தலையில் நான்கு முடிகள் காற்றில் ஆடின.

"என் ஹாட்டிஷ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

கூச்சல் நின்றது. இந்தக் கேள்வி என்ன கேள்வி என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஹாட்டிஷைப் பற்றி ஒரு பெண்ணிடம் உண்மை சொன்னவன் உயிரோடு இல்லை.

வெண்டல் தட்டை வாங்கி, இன்னொரு வாய் எடுத்து, மென்றார். நிதானமாக, அந்த நாற்றத்துக்கு நடுவில், கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"உப்பு பத்தல" என்றார். "மேல உருண்டை கருகிடுச்சு. அடியில நல்லா இருக்கு."

லவோன் தலையை ஆட்டினாள். "டிரெய்லர் கட்டில்ல எனக்கு எந்தப் பக்கம்?"

அவருக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் கழுத்தில்லாத அந்த மனிதருக்கு எங்கிருந்தோ ஒரு கழுத்து முளைத்தது. "ஜன்னல் பக்கம். உனக்காகத்தான் திரை மாத்தினேன்."

"எனக்கு ஜன்னல் பக்கம் வேண்டாம்" என்றாள் என் தங்கை. குரல் உடைந்தது, திரும்பவும் எடுத்துக்கொண்டு, நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு உள்பக்கம்தான் வேணும். நாளைக்கே."

அறுபத்தெட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து "எனக்கு இதுதான் வேணும்" என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்தது. தெற்குக் காற்றுத்தான் என்று ஆர்லினிடம் சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் ஜனவரியில், முதல் வேலை நாள், மறுபடியும் ஆர்லின் வீட்டு மேஜை. வெண்டலும் உட்கார்ந்திருந்தார், புது மாப்பிள்ளையாக, புதுத் தொப்பியோடு. ஏழு ஐம்பத்தைந்துக்கு ஆர்லின் கேட்டான்: "சரி, எங்கே?"

"ஹெரன் பெண்ட்" என்றாள் ஆர்டிஸ், அவன் வாயை மூடுவதற்குள். "ஆத்தங்கரைக் கொட்டகை."

"ஆத்தங்கரையில கொசு. மேட்டுக் கொட்டகைதான்" என்றாள் லவோன்.

"மேட்டுல என் முழங்கால் ஏறாது. அதுக்கு ஐவர்சன் தோப்பே தேவலை" என்றான் ஆர்லின்.

"பன்னி நாத்தத்துலயா? பன்னி வளத்தவனே சொல்றேன், வேண்டாம்" என்றார் வெண்டல்.

"உங்களை யார் கேட்டா?"

"கேக்காமலே சொல்றதுதான் எங்க ஊர் வழக்கம்!"

வாய் திறக்கக் கற்றுக்கொண்ட குடும்பம் வாயை மூடக் கற்றுக்கொள்ளவில்லை. மேஜையைத் தட்டினார்கள். காபி கொட்டியது, கொட்டிய இடத்தில் கறைகூட விழவில்லை. ஆர்டிஸ் ஆர்லினை, ஐம்பத்தைந்து வருடத்துக் கணக்கில் முதல் தடவையாக, மடையா என்றாள். ஒருவழியாக ஆற்றங்கரை என்று முடிவாகி அவன் தொலைபேசியை எடுத்தபோது மணி எட்டு நாற்பது. ஆற்றங்கரை போய்விட்டது. மேட்டுக் கொட்டகை போய்விட்டது. ஐவர்சன் தோப்பு போய்விட்டது. பிரிக்யார்டைக்கூட யாரோ உண்ணிப் பிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்லின் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினான். "ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்காம்."

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக வந்தது. லவோன் என்னை முறைத்தாள். அப்புறம் தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"வெண்டல், வண்டியில பிரஷ் இருக்கா?"

"ரெண்டு இருக்கு" என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே.